சும்மா போட்டுப் பார்ப்பவர்

உங்கள் தெருவில் அவர் ஒருவராவது இருப்பார். இல்லையென்றால் அடுத்த தெருவில் இரண்டு பேராக இருப்பார். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் கடைக்குள் நுழையும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, "சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்று ஒரு முன்ஜாமீன் வாங்கிக்கொள்வார். பிறகு மின்விசிறி எந்த இடத்தில் நன்றாக வீசுகிறது என்று பார்த்து, அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, மேல் தட்டில் இருப்பதை இறக்கச் சொல்லி, இறக்கியதைப் பிரிக்கச் சொல்லி, பிரித்ததைப் போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி போட்டு, கண்ணாடியில் முன்னால் ஒரு தடவை பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்து, "இதே வேற கலர்ல இருக்கா?" என்பார். கடைக்காரர் மறுபடி ஏணி ஏறுவார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

இதற்குப் பிறகுதான் கலை ஆரம்பிக்கிறது. மணியே அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, ஆங், சொல்லுங்க, சொல்லுங்க" என்று யாருமில்லாத ஓர் ஆளோடு பேசியபடி, தலையைச் சற்றே திருப்பிப் போனின் முதுகுப் பக்கம் அட்டைப்பெட்டியைப் பார்க்கும்படி நிறுத்தி, சத்தம் கூட்டும் பொத்தானை ஓர் அழுத்து அழுத்துவார். படம் விழுந்துவிடும். பெட்டியின் மேல் இருக்கும் மாடல் நம்பர் கைக்கு வந்துவிடும். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று எழுந்துகொள்வார். வருவாரா? நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் பார்சல் வரும்.

இந்த இனத்தில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தொழில், கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடிக் கடை. இருபத்திரண்டு வருடமாக ஒரே தெருவில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஊரார் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிறவர். சாதுவான மனிதர்தான். ஆனால் சீட்டை வாங்கிக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், காது மடல் சிவந்துவிடும். அவர்கள் போனில் கண்ணாடி வாங்கப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? வயிறெரிந்து வயிறெரிந்து ஒரு நாள் சுவரில் ஒரு பலகையே மாட்டிவிட்டார்: 'கண்ணாடியைப் போனில் வாங்குபவர்கள் கண்ணையும் தயவுசெய்து போனிலேயே காட்டிக்கொள்ளவும்.' ஊரே அதைப் படித்துச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கடலோரத் தெருவில் இருக்கும் ஸ்கூபா சாமான் கடைக்குள் ஒரு காலை வைத்து, "சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றார்.

அவர் ஏன் அங்கே போனார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். "நகை வேணாம், புடவை வேணாம். அந்த நாள் காலையில நீங்களும் நானும் ஒண்ணா கடலுக்குள்ள இறங்கணும். அடியில ஆமை இருக்குதாம். உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அதைப் பாக்கணும். அவ்வளவுதான்" என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார். இருபத்தைந்து வருடத்தில் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். இருவருமாக நீச்சல் குளத்தில் ஐந்து வாரம் பயிற்சியும் எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை படகு. காற்றுச் சிலிண்டர், உடுப்பு, துடுப்புச் செருப்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் மட்டும் அவரவர் முகத்துக்குப் பார்த்து அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். நர்ஸம்மா கடைக்குப் போனார், மூன்றாவதாகக் காட்டியது பொருந்தியது, வாங்கினார், வந்தார். இருபது நிமிடம்.

நம்மவர் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

கடைக்காரம்மா ஒரு காலத்தில் கப்பலின் அடிப்பாகத்தைக் கடலுக்குள் இறங்கிப் பழுதுபார்த்தவர். இப்போது கடையும் அவரே, சனிக்கிழமைப் படகில் ஆட்களைக் கூட்டிப் போய்க் கடலில் இறக்குபவரும் அவரே. பொறுமையில் பூமாதேவி. "சார், பட்டையைத் தலையில மாட்டாதீங்க. சும்மா முகத்துல வெச்சு, மூக்கால மூச்சை உள்ள இழுங்க. கையை எடுத்தாலும் கீழ விழாம ஒட்டிக்கிட்டு நின்னா அது உங்க மாஸ்க். விழுந்தா, தண்ணி உள்ள வரும்னு அர்த்தம்" என்று சொல்லிக் கொடுத்தார். வைத்தார், இழுத்தார், விழுந்தது. வைத்தார், இழுத்தார், விழுந்தது. பதினான்காவது மாஸ்க் முகத்தோடு முகமாக அப்படியே ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், "ம்ம்ம்" என்று முனகிக்கூடப் பார்த்தார். அசையவில்லை.

"உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்றார் கடைக்காரம்மா, மூக்கில் சறுக்கி வந்த தன் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிக்கொண்டு. அன்று அவர் அதை ஓர் இருபது முறையாவது தள்ளியிருப்பார். ஃப்ரேம் அகலம் ஜாஸ்தி என்று நம்மவரின் தொழில் புத்தி ஒரு கணம் சொல்லியும் சொன்னது. ஆனால் அவருக்கு அப்போது வேறு வேலை இருந்தது. போன் மணி அடிக்க வேண்டியிருந்தது. அடிக்காமலேயே எடுத்தார்.

"ஹலோ, ஆங், சொல்லுங்க!"

அன்று சாயங்காலமே போனில் தேடி ஆர்டர் போட்டாயிற்று. மிச்சம் எவ்வளவு தெரியுமா? ஒரு வேளை சாப்பாட்டுக் காசு. அதை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு கோட்டையைப் பிடித்தவர் போல வீட்டுக்குள் உலாத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை பார்சல் வந்தது. கறுப்பு மாஸ்க், அதே வளைவு, அதே பளபளப்பு. நம்மவருக்குத் தூரப்பார்வை கொஞ்சம் மோசம். கண்ணாடி இல்லாவிட்டால் நாலடி தள்ளி நிற்பவர் ஆணா பெண்ணா என்று குரலை வைத்துத்தான் முடிவு செய்வார். கண்ணுக்குள் ஒட்டிக்கொள்ளும் லென்ஸை ஊருக்கெல்லாம் விற்பாரே தவிர, தன் கண்ணுக்குள் தானே விரலை விட அவருக்குப் பயம். அதனால் தன் பவரில் இரண்டு லென்ஸைத் தேய்த்து, மாஸ்க்கின் உட்பக்கம் பசை போட்டு, நூல் பிசகாமல் ஒட்டினார். அழகான வேலை. பொருத்தம் பார்த்துவிட்டு ஒட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எதற்கு? பொருத்தம்தான் கடையில் இரண்டரை மணி நேரம் பார்த்தாயிற்றே!

பசை காய்ந்த பிறகு, சாயங்காலம் முகத்தில் வைத்தார். மூச்சை இழுத்தார். கையை எடுத்தார். மாஸ்க் நேராகக் கால் கட்டைவிரலில் விழுந்தது.

மறுபடி வைத்தார். மறுபடி கட்டைவிரல். குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பட்டையை இறுக்கி மாட்டி, வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தினார். வாளியில் இருந்த தண்ணீரில் பாதி மாஸ்க்குக்குள் வந்துவிட்டது. மூக்கெல்லாம் எரிய, இருமிக்கொண்டே போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. காதில் வைத்துக் குத்துமதிப்பாக எடுத்த படத்தில் விழுந்திருந்தது அவருடைய பெட்டி இல்லை, பக்கத்துப் பெட்டி. அகல முகத்துக்காரர்களுக்கான மாடல். லென்ஸ் ஒட்டியதைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

"என்னங்க, மாஸ்க் வந்துடுச்சா? எப்படி இருக்கு?" என்று வெளியிலிருந்து மனைவியின் குரல்.

"கச்சிதம்!" என்றார், முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட.

அப்போதே கடலோரத் தெருவுக்கு ஓடியிருக்கலாம். கடை எட்டு மணி வரை திறந்திருக்கும். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பட்டையை இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். மாஸ்க் புதிதாகத் தெரியக் கூடாதே என்று ஓரத்தில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தும் வைத்தார். என்ன மூளை பாருங்கள்!

சனிக்கிழமை காலை, கரையைவிட்டுப் படகு கொஞ்ச தூரம் போய் நின்றது. கடைக்காரம்மா ஒவ்வொருவர் முன்னாலும் வந்து, "மாஸ்க்கை வெச்சுக் காட்டுங்க" என்றார். நர்ஸம்மாவுக்கு உடனே ஒட்டியது. நம்மவர் முறை.

"இது எங்க வாங்கினது சார்?"

"வாங்கல. மச்சான் குடுத்தது. பழசு."

நர்ஸம்மா மெதுவாகத் திரும்பினார். "எந்த மச்சான்? என் கூடப் பொறந்தது ரெண்டு அக்கா. உங்களுக்கு அக்கா தங்கச்சியும் கெடையாது."

நம்மவர் அவசரமாக மாஸ்க்கை முகத்தில் வைத்து, யாருக்கும் தெரியாமல் சுண்டுவிரலால் கீழ் ஓரத்தைத் தாங்கிக்கொண்டார்.

"விரலையும் எடுங்க சார்."

எடுத்தார். கட்டைவிரலுக்கு அது பழகிப்போன வலி.

கடைக்காரம்மா குனிந்து மாஸ்க்கை எடுத்துப் அதன் ஓரத்தில் இருந்த மாடல் நம்பரைப் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் கொடுமை. "உங்களுக்குப் பொருந்தினது இதுக்கு அடுத்த பெட்டில இருந்தது சார். நீங்க படம் எடுக்கறப்பவே பாத்தேன். சொல்லியிருப்பேன். போன்ல பேசிட்டு இருந்தீங்க, நடுவுல பேசினா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்."

நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸம்மா அவரைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "அப்போ நான் மட்டும் எறங்கணுமா?" என்று மட்டும் கேட்டார். இருபத்தைந்து வருடத்தில் ஒரே ஒரு ஆசை, அதையும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு விற்றாயிற்றே என்று நம்மவர் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைக்காரம்மா தன் பையைத் துழாவினார். "அந்தப் பதினாலாவது மாஸ்க் ஒண்ணு படகுல உபரியா வெச்சிருக்கேன். ஒட்டும், தண்ணி வராது. ஆனா பவர் இல்ல. எதுவும் சரியாத் தெரியாது. பரவால்லையா? சிஸ்டர், அவர் கையை மட்டும் விட்டுடாதீங்க."

மாஸ்க்கை அவர் முகத்துக்கு நேராகச் சரிபார்க்கக் குனிந்தபோது, கடைக்காரம்மாவின் கண்ணாடி மறுபடியும் மூக்கில் சறுக்கியது. இவ்வளவு பக்கத்தில் இருந்தால் நம்மவருக்கு எல்லாமே தெரியும். தொழில் விடுமா?

"மேடம், இந்தக் கண்ணாடி உங்களுக்குச் சேரவே இல்லையே. எங்க வாங்கினீங்க?"

கடைக்காரம்மா பட்டையை இழுத்துக் கட்டினார்.

"பவர் எங்க பாத்தீங்க?"

"உங்க கடைலதான் சார். நாலு மாசத்துக்கு முன்னாடி." நம்மவர் ஆயிரம் கண்களைப் பார்த்தவர், முகங்களைப் பார்த்ததில்லை. "அப்புறம் வீட்ல கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு..." என்று இழுத்தார் அந்த அம்மாள்.

முதலில் சிரித்தது நர்ஸம்மாதான். சிரித்துச் சிரித்து, மாட்டியிருந்த மாஸ்க்கைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இறங்கினார்கள். கைகோத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். கீழே நம்மவர் கண்ட காட்சி என்னவென்றால், நீலமாக ஒன்று, பச்சையாக ஒன்று, நடுவில் மஞ்சளாகச் சில புள்ளிகள். எதிரில் பழுப்பாகப் பெரிதாக ஒன்று நிதானமாக நீந்தி வந்தது. கடைக்காரம்மா என்று நினைத்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி விரல்களை வளைத்து 'எல்லாம் நலம்' என்று மரியாதையாகச் சைகை காட்டினார். அது பதில் காட்டாமல் போய்விட்டது. மனைவியின் கை அவர் கையை எதற்கு அப்படி நொறுக்கியது என்பது அவருக்கு மேலே வந்த பிறகுதான் தெரிந்தது.

"அதுதாங்க ஆமை! உங்க மூக்குக்கு நேரா வந்துச்சே! பாத்தீங்களா, பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பொருளைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டும் தன்னால் பார்க்க முடியாமல் போனது அவருக்குத் தாங்கவில்லை. மனைவியின் ஈரக் கையைக் கரை வரும்வரை விடவில்லை.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த பலகையைக் கழற்றினார். மதியம் கடலோரத் தெருவுக்குப் போய், 'சும்மா' என்ற சொல்லை வாயில் எடுக்காமல், பதினான்காவது மாஸ்க்கை வாங்கினார். மறுநாள் கடைக்காரம்மா கண்ணாடிக் கடைக்கு வந்தார். நம்மவர் எழுந்து நின்று வரவேற்று, பழைய ஃப்ரேமைச் சூடு காட்டி வளைத்து மூக்கில் நிற்க வைத்து, புதுசாகப் பதினோரு ஃப்ரேம் எடுத்துக் காட்டினார். பதினோராவது அந்த அம்மாளுக்கு அம்சமாக இருந்தது. முன்னால் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். வீட்ல மட்டும் ஒரு வார்த்தை..." என்றவர், சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ, ஆங், சொல்லுங்க!"

மணி அடித்த மாதிரி நம்மவருக்குக் கேட்கவில்லை. காது மடல் சிவக்க ஆரம்பித்தது. பிறகு என்ன நினைத்தாரோ, பெருமூச்சு விட்டுவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"மேடம், போனைக் கொஞ்சம் இடது பக்கமாத் திருப்புங்க. பக்கத்து ஃப்ரேம் விழுந்துடப் போகுது."

கதை முடிந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், சந்தோஷம். நீங்கள் அந்த இனமில்லை, எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்றுதான். இவ்வளவு நேரமாக ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றுகொண்டு இதைப் படிக்கிறீர்களே, அந்தப் புத்தகக் கடைக்காரர் உங்களுக்காக ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருகிறார் பாருங்கள். நல்ல மனிதர். உட்கார்ந்துகொள்ளுங்கள். உட்காருவதற்கு முன்னால், புத்தகத்தின் அட்டைக்கு நேராகப் பிடித்திருக்கும் அந்தப் போனை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள்.