காது மிஷினுக்கு ரீஃபண்டு

கிடைச்சுது மக்கா, ரீஃபண்டு கிடைக்காம என்ன? கிடைச்ச பெறவுதான் விசயமே ஆரம்பம். நீ தக்கலையிலேருந்து மீனும் எனக்கிட்ட ஐஸும் எடுக்க வாற ஆளு, உனக்கு மொதல்லேருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

எங்க தொறையில மீன் ஏலம் கூறினது ஏசுஅடிமை அண்ணனாக்கும். அவரு "ஒருதரம்"ன்னா அடுத்த தொறையில காக்கா எந்திச்சுப் பறக்கும். அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டைக்குப் பக்கத்துலதானே காது இருக்கு? வருசக்கணக்கா அந்த சத்தத்தக் கேட்டுக் கேட்டு, அது உடல்நிலை காரணமாகப் பதவி விலகிட்டு. அண்ணன் ஒத்துக்கிடல்ல. "இப்பம் உள்ள யாவாரிமாருக்கு சத்தம் இல்ல, எல்லாம் சோறு தின்னாத குறை"ன்னு சொல்லிக்கிட்டு நடந்தாரு.

ஒரு நாளு பெரிய பாரை மீன் ஒண்ணு ஏலத்துக்கு வந்துது. ஒருத்தன் கூட்டிக் கேட்டது அண்ணனுக்குக் கேக்கல்ல. கொறச்சுக் கேட்டவனுக்குக் குடுத்துட்டாரு. வள்ளக்காரன் நேரா சங்கத்துக்குப் போயிட்டான். மீனவர் சங்கச் செயலாளர் ஞானசிங்கு, அண்ணன வரச்சொல்லி, "கோயில் திருவிழாக் கொடியேறதுக்குள்ள உமக்க காது சரியாகணும். இல்லேன்னா ஏலம் பிரபினுக்கு"ன்னு சொல்லிட்டாரு. பிரபின் யாருன்னா, ஞானசிங்குக்க தங்கச்சி மவன். சாளைக்கும் நெத்திலிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா ரெண்டு காதும் கேக்கும். உத்தியோகத்துக்கு அது போதுமே.

குளோரி மைனி, அண்ணனுக்க பெண்டாட்டி, சீட்டுக் காசோட எனக்கிட்ட வந்தாவ. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீஷ் வச்சு எனக்க போன்ல தேடினேன். ஸ்ரீ சப்தமித்ரா எண்டர்பிரைசஸ்னு ஒரு கடை. எறும்பு நடக்குத சத்தமும் கேக்கும்னு போட்டிருந்தான். அண்ணனுக்க பேருல, அவருக்க நம்பர் குடுத்து, ஆர்டர் போட்டேன்.

மிஷின் வந்துது. காதுல வச்சாரு. முன்ன கொஞ்சம் கேட்டுக்கிட்டிருந்ததும் நின்னு போச்சு.

"எறும்பு எங்கடே?"ன்னு மைனி கேட்டாவ.

"வந்திருக்கும் மைனி. நடக்காம நிக்கும்போல"ன்னேன்.

பணத்தத் திருப்பித் தரச்சொல்லி எழுதினேன். உடனே பதிலு. "தங்கள் மேலான புகார் பெறப்பட்டது. கருவி இயங்கவில்லை என்பதை வாடிக்கையாளர் தாமே தொலைபேசியில் உறுதி செய்ய வேண்டும்." மறுநாளு அண்ணனுக்க நம்பருக்குப் போன் வந்துது. நான் எடுத்தேன். தேன் மாதிரி ஒரு பெண்ணு.

"வணக்கம். திரு. ஏசுஅடிமை அவர்களா?"

"இல்லம்மா. அவருக்குக் காது கேக்காது."

"அதை அவரே சொல்ல வேண்டும் சார்."

"நீங்க கேக்குதது அவருக்குக் கேட்டால்லா சொல்லுவாரு?"

"நிச்சயமாக சார். அவரிடம் கொடுங்கள்."

குடுத்தேன். அண்ணன் போனக் காதுல வச்சு, கடலப் பாத்துக்கிட்டு சும்மா நின்னாரு. அந்தப் பிள்ளையும் பொறுமையா நின்னுது. கடைசியில ஒரு மெசேஜ். "வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை. புகார் தீர்வு செய்யப்பட்டது."

விடுவோமா? மறுபடி எழுதினேன். இந்தத் தடவ மைனி ஒரு ஏற்பாடு பண்ணினாவ. போனெடுத்து ஸ்பீக்கர்ல போட்டு, அண்ணனுக்க முதுகுல ஒரு இடி இடிச்சா "ஆமா", ரெண்டு இடின்னா "இல்ல".

"தாங்கள் திரு. ஏசுஅடிமையா?" ஒரு இடி. "ஆமா!" ஏலத் தொண்டையில்லா, போன் நடுங்கிச்சு.

"கருவியைக் காதில் அணிந்திருக்கிறீர்களா?" ஒரு இடி. "ஆமா!"

"நான் பேசுவது தங்களுக்குக் கேட்கிறதா?" ரெண்டு இடி. "இல்ல!"

"மிக்க நன்றி சார். எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னீர்கள். கருவி சிறப்பாக இயங்குவது உறுதியாகிறது. எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் வழங்குங்கள்."

புகார் மறுபடியும் தீர்வு செய்யப்பட்டது.

பெறவு காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி, இவருக்குக் காது கேக்காதுன்னு சர்டிபிகேட்டு வாங்கி அனுப்பினோம். அதுக்கும் பதிலு வந்துது. "தங்கள் சான்றிதழின்படி குறைபாடு காதில் உள்ளது. கருவியில் அல்ல. காதுக்கு எமது நிறுவனம் உத்தரவாதம் அளிக்கவில்லை."

மைனி எனக்க கையிலேருந்து போனப் பிடுங்கிட்டாவ. அந்தக் கடைக்காரன்கிட்ட என்ன சொன்னாவன்னு எனக்கு இப்பம் சொல்ல முடியாது, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலமே ரீஃபண்டு வந்தாச்சு.

எங்க வந்துதுன்னு கேளு. பேங்குக்கு இல்ல, அந்த ஆப்புக்குள்ள உள்ள வாலட்டுக்கு. அத வேற கடையில செலவாக்கப்பிடாது. சப்தமித்ராகிட்டதான் சாமான் எடுக்கணும். சப்தமித்ராகிட்ட இருக்குதது ஒரே சாமான். அதனால இப்பம் அண்ணனுக்கு எடது காதுக்கும் ஒண்ணு வந்தாச்சு. அதுவும் முந்தினதுக்க கூடப்பிறப்புதான்.

கோயில்ல கொடியேறிச்சு. அன்னைக்கே பிரபினக் கூட்டிக்கிட்டு ஞானசிங்கு வந்து நின்னாரு. மைனி கண்ணீர் விட்டுக் கரஞ்சாவ. நான் அண்ணனுக்காகப் பரிஞ்சு பேசப்போயி, "ஏமாத்திட்டானுவ, பாருங்க"ன்னு அந்த மெசேஜ் எல்லாத்தையும் காட்டினேன். ஞானசிங்கு ஒவ்வொண்ணா வாசிச்சாரு. வாசிக்க வாசிக்க மொகம், பூசையில பாட்டு கேட்ட மாதிரி தெளிஞ்சுது.

"ஏலே, இத்தன புகாரு குடுத்திருக்கிய. ஒண்ணு கூட பாக்கி நிக்கல்லியே!"

"ஒண்ணுக்கும் ஒண்ணும் செய்யல்ல."

"அத நான் கேக்கல்ல. பாக்கி உண்டாடே?"

"பாக்கி இல்ல."

"இதாக்கும் நிர்வாகம்"ன்னாரு. சங்கத்துல தராசப் பத்தி ஒரு கட்டு, கமிசனப் பத்தி ஒரு கட்டு, எரியாத லைட்டப் பத்தி ஒரு கட்டுன்னு புகாரு அடுக்கி வச்சிருந்த மனுசன் பாத்துக்கோ. அவருக்கு வழி தெரிஞ்சு போச்சு.

அடுத்த வாரம் சங்கத்துல "குறைகேட்புப் பிரிவு" தொறந்தாவ. ஃபேனுக்குக் கீழ நாற்காலி, மேசை, மாசச் சம்பளம். அதிகாரி, ஏசுஅடிமை அண்ணன். எழுதிக் கொண்டாரப்பிடாது, நேருல வந்து வாயால சொல்லணும். அண்ணன் ரெண்டு காதுலயும் மிஷின மாட்டிக்கிட்டு, சொல்லுகவனுக்க மொகத்தப் பாத்து, சொல்லி முடிச்சதும் தலையாட்டுவாரு. ஆட்டினா தீர்ந்தாச்சு. நீ நம்பமாட்ட, ஆளுவ சந்தோசமாத்தான் திரும்பிப் போறாவ. இதுக்கு முன்ன ஒரு அதிகாரியும் முழுசா நிமிந்து பாத்துக்கூட இருக்கமாட்டாவல்லா.

இப்பம் உதவியாளர் வேலைக்கு ஆளு எடுத்தாவ. நல்ல காதுள்ள பயலுவ எல்லாம் அதே மிஷின வாங்கி மாட்டிக்கிட்டு வந்தானுவ. ஞானசிங்கு "பேரு என்ன?"ன்னு கேட்டாரு. பேரு சொன்னவன எல்லாம் வெளிய அனுப்பியாச்சு. சுனில்னு ஒருத்தன் மட்டும் சொவரப் பாத்துக்கிட்டு இருந்தான். அவனுக்கு வேலை. இப்பம் தொறையில கல்யாண வீட்டுக்கும் அத மாட்டிக்கிட்டுதான் போறானுவ, பெண்ணு வீட்டுக்காரன் உத்தியோகம்னு நெனைக்கணும்லா.

மைனிக்கு நல்ல சந்தோசம். "எனக்க பேச்சக் கேக்காம இத்தன வருசம் சும்மா இருந்தாரு, இப்பம் அதுக்குச் சம்பளம் வாங்குகாரு"ன்னு சொல்லுவாவ. அண்ணனுக்குத்தான் ஒரு மாதிரி. ஜன்னல் வழியா பிரபின் ஏலம் கூறுகது தெரியும். ஒரு நாளு பாத்தேன், மேசைக்கு அந்தப்பக்கம் ஒருத்தன் கரஞ்சு புகாரு சொல்லுகான், அண்ணனுக்க கண்ணு ஜன்னல்ல, வாய் மட்டும் சத்தமில்லாம "ஒருதரம், ரெண்டுதரம்"ன்னு அசையுது. புகாரு சொன்னவன், அதிகாரி தனக்காக ஜெவிக்காருன்னு நெனச்சுக் கும்பிட்டுட்டுப் போனான்.

என்ன சொன்ன? போன தடவ எனக்கிட்ட எடுத்த ஐஸு தக்கலை சேருமுன்ன தண்ணியாச்சா? மக்கா, அத எனக்கிட்ட சொல்லப்பிடாது, முறைன்னு ஒண்ணு உண்டு. நேரா சங்கத்துக்குப் போ. அண்ணனுக்கு முன்ன நின்னு நல்லா சத்தமா சொல்லு. எனக்க ஐஸப் பத்தி வந்த எல்லாப் புகாருக்கும் அவரு தலையாட்டியாச்சு, ஒண்ணும் பாக்கி இல்ல. நீ ஏன் மொகத்தச் சுழிக்க? பெட்டிக்கு அடியில நீ பழைய மீன வைக்கேன்னு உங்க சந்தையில ஆளுவ பறையுகாவல்லியா? அங்கயும் ஒரு அதிகாரிய வைக்கச் சொல்லு, உனக்கும் நிம்மதி.

யாருலே விளிக்கது? வள்ளம் அணைஞ்சாச்சா? இன்னா வாறேன்!