கதவு மூடியிருந்த வண்டி

சில்லிகாத்தி, ஒஹாயோ
அக்டோபர் 1987

மதிப்பிற்குரிய மாக்ஸீன் அண்ணிக்கு, ஓரின் டாக்கெட் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் கணுக்காலில் மாவுக்கட்டு. உங்கள் தங்கை வெர்னா என்னை விட்டுவிட்டு அங்கே வந்திருப்பதற்கும் இந்தக் கட்டுக்கும் காரணம் ஒன்றுதான். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

சிறுவயதில் சனிக்கிழமைதோறும் தியேட்டரில் பார்த்த 'தாமிர முகமூடி' தொடர் வீடியோ கேசட்டாக வந்திருக்கிறது, வாங்கினேன். ஒரு பாக முடிவில் வீரன் காரோடு மலையிலிருந்து விழுந்தான். அடுத்த பாகத் தொடக்கத்தில் பார்த்தால், விழுமுன்பே கதவைத் திறந்து குதித்திருந்தான். அந்தக் காலத்தில் நடுவே ஒரு வாரம் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது வெர்னா கையில் ரிமோட். பின்னால் ஓட்டினாள்.

"பாருங்க, கதவு மூடியிருக்கு. ஆளு உள்ளதான் இருக்கான்."

"கடைசி நொடியில குதிச்சிருப்பான் வெர்னா. நமக்குக் காட்டல, அவ்வளவுதான்."

"நீங்க மீன் பிடிச்ச கதையும் இப்படித்தான். எல்லாம் நான் பாக்காத இடத்துலதான் நடக்கும்."

அதற்குமேல் எப்படி உட்கார்ந்திருப்பது அண்ணி? பிக்கப் வண்டியைக் கிளப்பி, எங்கள் வாசல் சரிவில் விட்டு, பக்கத்து வீட்டு டெல்மரின் வேலிச்செடி வருமுன் கதவைத் திறந்து குதித்தேன். வண்டி தன்பாட்டுக்குச் செடியையும் பூசணிக்காய்களையும் தாண்டி அவன் வீட்டுப் படியில் மோதி நின்றது. டெல்மர் வெளியே வந்து, "மணி அடிச்சிருந்தாலே கதவத் திறந்திருப்பேனே, ஓரின்," என்றான். வெர்னா ஓடிவந்தாள், முகம் வெளுத்திருந்தது.

"பாத்தியா, குதிச்சேன்."

"அடுப்புல ஆப்பிள் பை கருகுதேன்னு திரும்பினேன். மறுபடி பாக்கும்போது வண்டிக் கதவு மூடித்தான் இருந்துச்சு."

ஆஸ்பத்திரிக்கு அவள்தான் ஓட்டிப் போனாள். "கழுத்து முறிஞ்சிருந்தா நான் என்ன பண்ணுவேன்? அதுலயும் ஒரு பொய்யா?" என்றாள். மறுநாள் காலை பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள்.

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. டின் சூப்பைச் சூடாக்காமலே குடிக்கிறேன். தாமிர முகமூடி குதிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் குதித்தேன். இந்த ஒன்றை அவள் நம்பிவிட்டால் போதும், நீங்கள்தான் எடுத்துச் சொல்லி அனுப்பிவைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டும்,
ஓரின்

பி.கு.: டெல்மர் இப்போதுதான் வந்துபோனான். பறவைகளைப் படமெடுக்க அவன் ஜன்னலில் வைத்திருந்த வீடியோ கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறதாம். போட்டுப் பார்த்தோம். நான் குதிக்கவில்லை. வண்டி படியில் மோதிய பிறகு கதவைத் திறந்து இறங்கி, பூசணிக்கொடி தடுக்கி விழுகிறேன். உதவி செய்வதாக நினைத்து இதன் நகலை வெர்னா பெயருக்கு உங்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டானாம். ரிமோட்டை மட்டும் அவளிடம் கொடுத்துவிடாதீர்கள்.