நான் மூடி வைத்த திறப்பு விழா

மின்சாரக் கார் வாங்கியதற்கு நான் ஊரில் சொன்ன காரணம் சுற்றுச்சூழல். உண்மையான காரணம், அதைப் பற்றிப் பேசலாம் என்பதுதான். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளசன்டனில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனால், பெட்ரோல் கார் வைத்திருப்பவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மின்சாரக் கார்க்காரனிடம் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். கேக் வெட்டுவதற்குள் பாட்டரியின் வேதியியலை முடித்துவிட்டு, சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது குளிர்காலத்தில் சார்ஜ் ஏன் குறைகிறது என்ற பகுதிக்கு வந்துவிடுவேன். (மொத்த ஞானமும் ஒரே ஒரு வீடியோவில் பார்த்தது. அதுவும் பாதிதான் பார்த்தேன்.)

அப்படி நான் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த காலத்தில், என் மனைவி ரேவதியின் அப்பாவும் அம்மாவும் கரூரிலிருந்து முதல்முறையாக அமெரிக்கா வருவதாக ஏற்பாடானது. ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் விமானம் இறங்கும். ஆறு மாதம் இருப்பார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை, நாங்களும் பதினொரு வயது மகள் நிலாவும் மட்டும் தாஹோ மலைப்பக்கம் ஒரு ஹோட்டலில் ஓரிரவு தங்கிவிட்டு வரலாம் என்பது என் யோசனை.

"மூணு மணிக்கு அவங்க எறங்குறாங்க. அதே நாள் காலைல நாம மலை மேல இருக்கணுமாங்க?" என்றாள் ரேவதி.

"பத்தே முக்காலுக்குக் கெளம்பினா மூணு மணிக்கு ஏர்போர்ட். அவங்க இமிக்ரேஷன் முடிச்சு வெளிய வர நாலாகிடும். நாமதான் போய்க் காத்துக்கிட்டு நிக்கணும்."

நான் சொல்லும்போது எல்லாமே மிகச் சரியாகத்தான் இருக்கும்.

அந்த ஹோட்டலைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. 'இந்த வார இறுதியில் எங்கள் புதிய அதிவேக சார்ஜர்கள் திறக்கப்படுகின்றன' என்று அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. புதிய சார்ஜரில் கார் போட்டேன் என்று சொன்னால் அடுத்த இரண்டு பிறந்தநாள் விழாவுக்குத் தாங்கும். வழியில் ஆபர்ன் அருகே நிறுத்தி காபி குடித்தபோது, எதிரிலேயே நாலைந்து சார்ஜர்கள் காலியாக இருந்தன.

"இங்கயே போட்டுக்கலாமுங்களா?"

"மேல புத்தம் புதுசு திறந்திருக்காங்க ரேவதி. அதை விட்டுட்டு இந்தப் பழசுலயா?"

ஏற்றத்தில் கார் மின்சாரத்தை மடக் மடக்கென்று குடித்தது. ஹோட்டல் வாசலை அடைந்தபோது பாட்டரியில் ஒன்பது சதவீதம் இருந்தது. வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நான்கு வெள்ளை சார்ஜர்கள் வரிசையாக நின்றன. அவற்றின் குறுக்கே ஒரு பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனில் ஓர் அட்டை: ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பு விழா.

வார இறுதி என்றால் சனிக்கிழமை என்று நான் நினைத்திருந்தேன். ஞாயிறும் அதில்தான் வருகிறது என்பது அவர்கள் கட்சி.

"பிரச்சினையே இல்லை," என்றேன். "பத்து மணிக்குத் திறப்பாங்க. அரை மணி நேரத்துல ஏத்திட்டுக் கெளம்பிடலாம்." ரேவதி காரின் திரையில் இருந்த ஒன்பதைப் பார்த்தாள். மலையிலிருந்து இறங்குவதென்றாலும் முதலில் ஒரு கணவாய் வரை ஏறித்தான் இறங்க வேண்டும். அந்த ஏற்றத்துக்கு ஒன்பது சதவீதம் போதாது என்பது அவளுக்கும் தெரியும். அதையும் நான்தான் ஏதோ ஒரு பிறந்தநாளில் சொல்லியிருந்தேன்.

ராத்திரிக் குளிரில் ஒன்பது, ஆறாகிவிட்டது.

ஞாயிறு காலை எட்டரை மணிக்குச் சார்ஜர்களைப் பார்வையிடப் போனேன். என் கம்பெனி கொடுத்த கருநீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தேன். அதன் மார்பில் பளிச்சென்று ஒரு மின்னல் சின்னம் உண்டு. (மில்பிடாஸில் நாங்கள் செய்வது சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள். சம்பளம் மின்னல் வேகத்தில் வருமாம். இதுவரை யாருக்கும் வந்ததில்லை.) மூன்றாவது சார்ஜரின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கேபிளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பெண் ஓடிவந்து மூச்சு வாங்கினார். ஹோட்டல் மேனேஜர். பெயர் டயான்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! எட்டு மணியிலேருந்து உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். இந்த மூணாவது மட்டும் முழிக்கவே மாட்டேங்குது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது, "அம்மணி, நான் உங்கள் டெக்னீஷியன் இல்லை, அறை நம்பர் பன்னிரண்டு" என்பதுதான். நான் சொன்னது: "பாத்துடலாம்."

பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன்.

பார்த்தேன். கேபிளின் முனை அதன் கொக்கியில் சரியாக மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து அழுத்தி மாட்டினேன். உள்ளே 'டொக்' என்றது. கறுப்பாகக் கிடந்த திரை பளீரென்று விழித்து எங்களுக்கு நல்வரவு கூறியது. டயான் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். எனக்குக் காபி வந்தது. லவங்கப்பட்டை மணக்கும் பன் வந்தது. அந்த ஒரு 'டொக்' கொடுத்த நம்பிக்கையை என் எஞ்சினியரிங் பட்டம் கொடுத்ததில்லை.

பத்து மணிக்குச் சுமார் முப்பது பேர் கூடிவிட்டார்கள். அந்தக் கவுன்ட்டியின், அதாவது மாவட்டத்தின், பெரிய மனிதர் ஒருவர் மூன்றடி நீளக் கத்தரிக்கோலோடு வந்திருந்தார். சார்ஜுக்காக ஏழு கார்கள் வரிசையில் நின்றன. முதல் கார் எங்களுடையது. ரேவதி பெட்டிகளை ஏற்றிவிட்டு, முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். நிலா மட்டும் இறங்கி என் பக்கத்தில் நின்றாள். ரிப்பன் வெட்டினார்கள். கைதட்டினார்கள். டயான் மைக்கில், "இப்போது நமது எஞ்சினியர் இவற்றை இயக்கி வைப்பார்!" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. கேபிளை எடுத்துக் காரில் சொருக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெறுமனே ஒரு கேபிளைச் சொருகுவது சபைக்கு மரியாதையாகத் தோன்றவில்லை. விழா என்றால் எதையாவது அழுத்த வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தேன். சார்ஜர்களுக்குப் பக்கத்துக் கம்பத்தில், ஒரு மெதுவடை அளவுக்கு, உருண்டையாக, சிவப்பாக ஒரு பட்டன் இருந்தது. இவ்வளவு பெரிய பட்டனை இதற்கென்றே அல்லாமல் வேறு எதற்கு வைத்திருக்கப் போகிறார்கள்?

உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

நான்கு திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. அதுவரை 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்த விசிறிகள் நின்றன. மலையில் குருவிச் சத்தம் கேட்டது. கூட்டம் இதுவும் விழாவின் ஒரு பகுதி என்று நினைத்து மறுபடியும் கைதட்டியது.

"டாட்," என்றாள் நிலா மெதுவாக. "இட் லிட்டரலி செஸ் ஸ்டாப்."

கையை எடுத்துப் பார்த்தேன். ஆமாம். 'ஸ்டாப்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

டயான் சார்ஜர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். (அவர் நல்லவர்தான். ஆனாலும் அதை ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டாம்.)

"அவசர நிறுத்தம் அழுத்தப்பட்டிருக்கிறது. தீ ஏதாவது?" என்றது போன்.

"இல்லை."

"யாருக்காவது ஷாக் அடித்ததா?"

"இல்லை."

"கார் எதுவும் மோதியதா?"

"இல்லையே."

"பிறகு எதற்காக அழுத்தினார்கள்?"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஸ்டார்ட் பண்றதுக்கு," என்றேன். போனில் அதைத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், சாவி வைத்திருக்கும் டெக்னீஷியன் நேரில் வந்து சோதித்த பிறகுதான் மறுபடி இயங்கும் என்றும், அவர் வழியில் சாலைப் பணியில் மாட்டிக்கொண்டிருக்கிறார், வந்து சேர மதியம் ஒரு மணி ஆகலாம் என்றும் சொன்னது.

டயான் மெதுவாகத் திரும்பினார். "அப்போ நீங்க யாரு?"

"அறை நம்பர் பன்னிரண்டு."

"இந்த ஜாக்கெட்?"

"சம்பளப் பட்டியல்."

காருக்கு நடந்தேன். அவ்வளவு நீளமான பத்தடியை அதற்கு முன் நான் நடந்ததில்லை. ரேவதி கண்ணாடியை இறக்கினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"எங்கம்மா இந்த நேரத்துக்கு ஃபிளைட்ல சீட் பெல்ட்டக் கூட கழட்டாம உக்காந்திருப்பாங்க," என்றாள். "எறங்கினதும் பாஸ்போர்ட்டக் கைல புடிச்சுக்கிட்டு அந்தக் கண்ணாடிக் கதவையே பாப்பாங்க. கதவு தெறந்தா நான் நிப்பேன்னு சொல்லியிருக்கேனுங்க."

என்னிடம் அதற்கு வேதியியல் எதுவும் இல்லை.

அவளே இறங்கி, கொஞ்சம் தள்ளிப் போய், மில்பிடாஸில் இருக்கும் எங்கள் நண்பர் செந்திலுக்குப் போன் செய்தாள். செந்திலிடம் பதினைந்து வருடப் பழைய பெட்ரோல் வேன் ஒன்று உண்டு. அதைப் பார்த்து நான் செய்திருக்கும் கேலிக்கு அளவில்லை. "கவலைப்படாதீங்கம்மா, நானும் வீட்ல அவங்களும் போய்க் கூட்டிட்டு வந்துடறோம். அப்பா அம்மா போட்டோ மட்டும் அனுப்புங்க," என்றாராம் அவர். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

உண்மையான டெக்னீஷியன் ஒன்றேகாலுக்கு வந்தார். ஒரு சின்னப் பெண். சாதாரண ஸ்வெட்டர். மின்னல் கிடையாது. பட்டனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், "யார்?" என்றார். கவுன்ட்டிப் பெரிய மனிதர் உட்பட எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே திசையில் கை காட்டினார்கள். அவர் ஒவ்வொரு சார்ஜராகச் சோதித்து முடிக்க இரண்டு மணி நேரமானது. முதலாவதாக நின்ற என் காரை நானே நகர்த்திக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினேன். அன்று முழுவதும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். காத்திருந்த ஆறு கார்க்காரர்களுக்கும் காபி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரு தாத்தா மட்டும் கோப்பையை வாங்கிக்கொண்டு, "இதில் எதையும் அழுத்தலையே?" என்று கேட்டார்.

நாலேகால் மணிக்கு, எங்கள் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது, செந்திலின் போனிலிருந்து மாமனார் அழைத்தார். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்கள். ரேவதி அழுதுகொண்டே பேசினாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது: மாப்பிள்ளை ஏன் வரவில்லை?

ரேவதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல எல்லா உரிமையும் அவளுக்கு இருந்தது.

"இங்க ஒரு திறப்பு விழாங்கப்பா," என்றாள். "கரண்ட்டு சம்பந்தமா. அவர் கைய வெச்சதுக்கப்புறம் இங்கிருந்து ஒருத்தராலயும் நகர முடியலைங்கப்பா."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குச் செந்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். செந்திலின் மனைவி வைத்த ரசத்தைக் குடித்துவிட்டுத் தெம்பாக உட்கார்ந்திருந்த மாமனார், எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "விழா நல்லபடியா முடிஞ்சுதுங்களா மாப்பிள்ளை?"

"முடிஞ்சுதுங்க மாமா. கொஞ்சம் லேட்டாச்சு."

பின்னால் ரேவதி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகை என்று அத்தை நினைத்தார்கள்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமனாருக்குக் கரூரில் பெட்ஷீட் கடை இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள். அடுத்த வருடம் நாங்கள் விடுமுறைக்குக் கரூர் போனபோது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் படத்தோடு பத்தடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர் நின்றது. 'அமெரிக்க மலைக்கு மின்சாரம் தந்த மாப்பிள்ளையே வருக!' மாமனாரின் நண்பர் மின்சார ஸ்கூட்டர் ஷோரூம் திறக்கிறார். தலைமை விருந்தினர் நான்.

மாலை போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்து, மின்சார வண்டிகளைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். முன் வரிசையில் ரேவதி, பக்கத்தில் நிலா, பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மாமனார். வாயைத் திறந்தேன். அந்த வேதியியல் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது, மலையில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ரேவதியின் முகம் ஞாபகம் வந்தது.

"எனக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க," என்றேன்.

மாமனார்தான் முதலில் கைதட்டினார். பிறகு கைதட்டல் ஷோரூமின் கண்ணாடிகளை அதிரவைத்தது. ஸ்கூட்டர் கடைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய மனுசன்! என்ன ஒரு அடக்கம் பாருங்க!" என்றார் மைக் இல்லாமலே. ரேவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்கு எது தெரியாவிட்டாலும் அதற்கு ஒரே பெயர்தான். போன வாரம் கணக்குத் தேர்வில் மூன்று கேள்விகளைத் தொடாமலே வந்திருந்தாள் நிலா. ஏன் என்று ரேவதி கேட்டாள். எதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும் பெண், தலையைத் தாழ்த்திக்கொண்டு, கணீரென்ற தமிழில் சொன்னாள்:

"அடக்கம்மா."