ஒன்பதாம் தம்ளர்ப் படலம்

வாழ்க டெல்பர்ட் ஹோர்வாக்! மூட்டுவலியை மூன்று மாத்திரையால் முறியடிப்பவன், பதினொரு பை தைத்த அரைக்கால் சட்டையைக் கவசமெனப் பூண்டவன், ஒஹாயோ மாநிலத்து வென்டோவர் நகரில் முப்பது வேனில்களாகப் பிறர் வீட்டு கராஜ்களில் பழைய மட்டையும் கிழிந்த கையுறையும் வெளுத்த கொடியும் தேடிக் குனிந்து குனிந்தே முதுகு வில்லாகிய வில்லாளன், வேண்டியதை வேண்டாததுபோல் பார்க்கும் கள்ளப் பார்வையில் கண்ணனுக்கே பாடம் சொல்லக்கூடியவன், வாழ்க, வாழ்க! அவன் ரத்தக்கொதிப்பு தணிக!

காவியம் என்றால் நாட்டையும் நகரத்தையும் ஆற்றையும் அல்லிக் குளத்தையும் பாடிவிட்டுத்தான் தலைவனிடம் வரவேண்டும் என்பார்கள். எனக்கு அதற்கு நேரமில்லை. இன்று மே மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, ஊர் முழுவதும் ஒரே நாளில் கராஜைத் திறந்து வேண்டாததை விற்கும் திருநாள். எட்டு மணிக்குக் கதவு மேலேறிவிடும். இப்போதே ஏழு ஐம்பது.

இந்தப் போர் மூண்டது பெண்ணுக்காக அன்று, பொன்னுக்காக அன்று, மண்ணுக்காகவும் அன்று, ஒரு தம்ளருக்காக. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டுக் கோடையில், எங்கள் ஊர்ப் பேஸ்பால் அணியாகிய வென்டோவர் வாத்துகள் தம் வாழ்நாளில் முதன்முறையாக வரிசையாக வென்றுகொண்டிருந்த பொற்காலத்தில், நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு எண்ணெய் நிரப்பியவர்க்கெல்லாம் வாரம் ஒரு கண்ணாடித் தம்ளர் இலவசமாக வழங்கப்பட்டது. ஒரு தம்ளருக்கு ஓர் ஆட்டக்காரர் முகம். ஒன்பது வாரம், ஒன்பது முகம். டெல்பர்ட்டின் வீட்டு நிலவறையில், விளக்குப் பொருத்திய அலமாரியில், எட்டு முகங்கள் வீற்றிருந்தன. ஒன்பதாம் இடம் பல் விழுந்த வாய்போல் காலியாகக் கிடந்தது.

அந்த ஒன்பதாமவன் பெயர் மிலோ ப்ரஸ்கா. இடதெல்லை காத்தவன். இறுதி ஆட்டத்தின் இறுதிப் பந்து வானளாவ எழுந்து, ஊரே அண்ணாந்து பார்க்க, மெல்ல மெல்ல இறங்கி, அவன் கையுறைக்குள் வந்து உட்கார்ந்து, எழுந்து கீழே போய்விட்டது. கோப்பை போயிற்று, மறு ஆண்டு அணியே போயிற்று, அவனும் ஊரைவிட்டுப் போனான். பெயர் மட்டும் போகவில்லை. அன்றுமுதல் எங்கள் ஊரில் யார் கையிலிருந்து எது நழுவினாலும், ஓட்டலில் தட்டு விழுந்தாலும், தெருவில் சாவி விழுந்தாலும், பக்கத்தில் நிற்பவர் "ப்ரஸ்கா!" என்று கூவுவார். அவன் முகம் பதித்த தம்ளரை விருந்துகளில் உயர்த்திப் பிடித்து, "ப்ரஸ்கா!" என்று கத்திக்கொண்டே வேண்டுமென்று கீழே போட்டு உடைப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

டெல்பர்ட்டும் உடைத்தான். அதே ஆண்டு அக்டோபரில், தன் கல்யாண விருந்தில், வாத்துகள் அணி முழுவதையும் அழைத்து உட்காரவைத்துவிட்டு, பத்தொன்பது வயதுக் கொழுப்பில் நாற்காலிமேல் ஏறி நின்று உடைத்தான். இருநூறு பேர் சிரித்தார்கள். ஆகவே அலமாரியின் ஓட்டை அவனே போட்ட ஓட்டை.

எல்லாம் உடைந்திருக்க முடியாது, நூற்றுக்கணக்கில் எங்காவது இருக்கத்தான் வேண்டும் என்று அவன் முப்பது ஆண்டு கணக்குப் போட்டான். ஒன்றுகூட அகப்படவில்லை. பூமி விழுங்கியதோ, வானம் உறிஞ்சியதோ, தெரியவில்லை. அடுத்த மாதம் அவனுடைய இரண்டு முட்டிக்கும் அறுவை சிகிச்சை. அதன்பின் குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குனியாதவனுக்கு கராஜ் சேல் கிடையாது. அட்டைப்பெட்டிகளெல்லாம் தரையில்தான் இருக்கும்.

மணி எட்டு. மேப்பிள் தெரு பதினேழாம் எண் வீட்டின் கதவு, இடியென முழங்கி, இரும்பு உருளைகள் அலற, மேலே சென்று மறைந்தது. வாசலில் திரண்டிருந்த சேனை, ரப்பர் செருப்பொலி திசைகளைச் செவிடாக்க உள்ளே பாய்ந்தது. துருப்பிடித்த வேனாகிய தேரில் சாரதியாக அமர்ந்திருந்த மனைவி மார்ஜீன், குறுக்கெழுத்துக் கட்டத்திலிருந்து கண்ணெடுக்காமல் வாழ்த்தி அனுப்பினாள்.

"இன்னொரு மட்டை வந்துச்சு, அதாலயே அடிப்பேன்."

உள்ளே நுழைந்த ஐந்தாம் நொடியில் டெல்பர்ட் அதைக் கண்டான். மூன்றாம் மேசை, பாலாடைக்கட்டி உருக்கும் ஃபாண்டு பாத்திரத்துக்கும் கிறிஸ்துமஸ் மெழுகுவத்திக்கும் நடுவே, காதுகள் இரண்டும் விரிந்த ஓர் இளைஞன் முகம், மேலே மஞ்சள் வாத்து, அடியில் ஐம்பது சென்ட் என்று எழுதிய காகித நாடா! அவன் நெஞ்சம் முரசாயிற்று. முழங்கால்கள் அதற்குத் தாளமிட்டன. ஆயினும் அவன் பாயவில்லை. ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்ற ஆதி விதியை அறிந்த அந்த நுட்பன், மேசையின் மறுகோடிக்குப் போய் ஒரு வாஃபிள் சுடும் கருவியை எடுத்து, மூடித் திறந்து, முகர்ந்து, உதட்டைப் பிதுக்கினான். அந்தக் கருவியை வாங்கத்தான் நான் வந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

அந்தப் பிதுக்கலே அவனுக்கு எமனாயிற்று. அவன் கை தம்ளரின் இடப்பக்கத்தைத் தொட்ட அதே கணத்தில், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்ட ஒரு கிழவரின் கை அதன் வலப்பக்கத்தைத் தொட்டது.

கராஜ் சேல் தர்மம் ஒன்றே ஒன்றுதான். பொருள்மேல் கை இருக்கும்வரை அது கைக்குரியவனுடையது. கையை எடுத்தால் போயிற்று. ஒரு பொருளின்மேல் இரண்டு கை விழுந்தால் என்ன செய்வது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. எனவே இருவரும் எடுக்கவில்லை. இரு மலைகள் ஒரு மேகத்தைப் பற்றி நின்றாற்போல நின்றார்கள்.

டெல்பர்ட் தன் குலமும் கொடியும் விளங்க, எண்டிசையும் நடுங்க முழங்கியதாவது:

"நான்தாங்க முதல்ல தொட்டேன்."

கிழவர் அதற்கு மறுமொழியாக, ஊழிக்காற்றுபோல் உறுமியதாவது:

"நீ வாஃபிள் மெஷினத்தானே மோந்து பாத்துட்டு இருந்தே தம்பி. போய் அதயே மோந்து பாரு."

ஐந்து நிமிடம் சென்றது. பத்து சென்றது, அரைமணியும் ஆயிற்று. கூட்டம் வட்டமாகத் திரண்டது. விடியலில் இருவரும் தனித்தனியே அருந்தியிருந்த பெருங்கோப்பைக் காப்பி, இப்போது உள்ளிருந்து மூன்றாவது பகைவனாகக் கிளம்பி, இருவரையும் கால் மாற்றிக் கால் நிற்கவைத்தது. எந்தக் கையும் தளரவில்லை. டெல்பர்ட் இரண்டு டாலர் தருவதாக அறைகூவினான். கிழவர் ஐந்து என்றார். டெல்பர்ட் இருபது என்று கர்ஜித்தபோது, அதுவரை அதை ஓட்டை உடைசலாகக் கருதி வந்த வீட்டுக்காரி ட்வைலா ஓடிவந்தாள். அவள் இந்த ஊருக்குக் குடிவந்து நான்கு வருடம்தான் ஆகிறது. வந்தவுடன் ஊர்ப் பேச்சை எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

"பெரியவங்களா, பாத்து, கண்ணாடி! இழுக்காதீங்க. ப்ரஸ்கா பண்ணிடப் போறீங்க!"

கூட்டம் சிரித்தது. டெல்பர்ட்டும் சிரித்தான். கிழவர் சிரிக்கவில்லை.

"ப்ரஸ்கான்னா என்னன்னு நெனச்சிருக்கம்மா?" என்று கேட்டார்.

"கை தவறுறதுதானே? எல்லாரும் சொல்றாங்களே."

கிழவர் இன்னொரு கையால் தொப்பியைக் கழற்றினார். முடி போயிருந்தது, முகம் சுருங்கியிருந்தது. விரிந்த காதுகள் இரண்டும் தம்ளரில் இருந்தபடியே இருந்தன.

"அது நான்தாம்மா," என்றார். "என் பேரு அது."

சிரிப்பு நின்றது. டெல்பர்ட் தம்ளரைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி தம்ளரைப் பார்த்தான்.

"நீ ஹோர்வாக்குதானே?" என்றார் மிலோ ப்ரஸ்கா. "நாற்காலி மேல ஏறினவன். மூணாவது மேசையில நான் உக்காந்திருந்தேன். கேக்கு வெட்டறதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டேன். அடுத்த வாரம் ஊரையே விட்டுட்டேன். இப்ப மூணு ஊரு தள்ளி இருக்கேன். சனிக்கிழமையானா வந்து என் மூஞ்சிய நானே வாங்கிட்டுப் போவேன். இதோட எழுபத்தியொண்ணு."

"எழுபத்தியொண்ணா!" என்றான் டெல்பர்ட். முப்பது ஆண்டுக் கணக்கின் விடை எதிரே நின்றது. "வாங்கி என்ன பண்ணுவீங்க?"

"பாத்திரம் கழுவுற மெஷின்ல போட்டு மூணு தடவ சுடுதண்ணியில கழுவுனா படம் போயிடும். அப்புறம் பெட்டியில கட்டி உங்க ஊர் சர்ச்சுக்கே அனுப்பிடுவேன். ஓசியில வந்தா யாருன்னு கேக்க மாட்டாங்க."

டெல்பர்ட்டுக்கு வெட்கமாக இருந்தது. இதைப் பாட என்னிடம் உவமை எதுவும் இல்லை. எழுபது வயதுக்காரனுக்குக் காது வரை சூடேறி, கழுத்து வியர்த்து, வெட்கமாக இருந்தது. அவன் முப்பது வருடம் தேடியதை, வாழ்நாளில் இனித் தேட முடியாததை, தன் விரல்களால் தொட்டுக்கொண்டே நின்றான். பிறகு விரல்களை எடுத்துவிட்டான்.

அவன் திடீரென்று எடுத்ததுதான் தவறு. அரைமணி நேரமாக இழுத்துக்கொண்டிருந்த கிழவர், எதிர்ப்பக்கம் பிடி இல்லாமல் போகவே, பின்னால் தள்ளாடினார். தம்ளர் அவர் கையைவிட்டு எழுந்தது. எழுந்தது, எழுந்தது, கராஜ் விளக்கைத் தொட்டுவிடுமோ என எழுந்தது. காலைக் கதிர் அதனுள் புகுந்து எழுநிறமாய்ச் சிதற, தேவர்கள் எங்கும் திரண்டு நின்று கைக்குட்டை கடித்தபடி காண, அண்டங்கள் அசையாது நிற்க, அது சுழன்று, திரும்பி, தன் இளமை முகத்தைக் கீழே காட்டியபடி சிமென்ட் தரையை நோக்கி இறங்கியது. ஐம்பது வருடப் பழக்கத்தில் ஊரே வாயைத் திறந்தது. ஒரு வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை.

மிலோ ப்ரஸ்கா பாய்ந்தார். எழுபத்தைந்து வயது உடம்பை மடக்கி, முழங்கை தேய, ஃபாண்டு பாத்திரம் உருள, தரைக்கு ஒரு விரற்கடை மேலே, இடது உள்ளங்கையில் பிடித்தார்.

ஊர் எழுப்பிய ஆரவாரத்தை எப்படிச் சொல்வேன்! இருபத்தாறு பேர்தான். இருந்தாலும் தெருக்கோடிவரை கேட்டது. தேரைவிட்டு இறங்கி ஓடிவந்த மார்ஜீன், தரையில் கிடந்தவரை உற்றுப் பார்த்து, "மிலோவா? முழங்கையில ரத்தம் வருது பாருங்க," என்று தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டாள். பிறகு கணவனிடம் திரும்பினாள். "மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேக்கறேன்," என்றான் டெல்பர்ட்.

"இப்பவே."

கேட்டான். கிழவர் படுத்தபடியே கேட்டுக்கொண்டு, "சரி சரி, தூக்கி விடு," என்றார். இருவருமாக முதலில் ட்வைலாவின் கழிவறைக்குத்தான் போனார்கள். யார் முதலில் என்பதில் அங்கே ஒரு சிறு போர் நடந்தது; அது வேறு காவியம்.

ஐம்பது சென்ட்டைக் கொடுத்து, அந்தத் தம்ளரை மிலோ தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். கழுவுவதற்காக அல்ல. இதைப் பிடித்தது தானாக்கும், பார்ப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். டெல்பர்ட்டுக்கு வாய்த்தது அந்த வாஃபிள் கருவி. நான்கு டாலர். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, சர்ச் கூடத்துப் பான்கேக் விருந்துக்கு மிலோ ப்ரஸ்கா வந்தார். ஐம்பது வருடம் கழித்து எங்கள் ஊரில் அவர் உட்கார்ந்து உண்ட முதல் உணவு அது. நீண்ட மேசைகளில் கனத்த அடிப்பாகம் கொண்ட வெறும் கண்ணாடித் தம்ளர்களில் ஆரஞ்சுச் சாறு வரிசையாக நின்றது. வருடக்கணக்காக அதே தம்ளர்களில் குடித்து வந்த டெல்பர்ட், அன்றுதான் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொப்பியின் விளிம்புபோல ஒரு மெல்லிய கோடு இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

எதிரே அமர்ந்திருந்தவர், வாயில் பான்கேக்குடன் சொன்னார்:

"எடுத்துட்டுப் போ. அதுவும் நான்தான்."

ஆகவே கேளுங்கள், அவையோரே! பதினோராம் பையில் பத்திரமாக இறங்கி, வேனாகிய தேரேறி, நிலவறையாகிய கோட்டை புகுந்து, விளக்கொளி வெள்ளமெனப் பாய, எட்டு வீரர் இருமருங்கும் எதிர்கொள்ள, முப்பதாண்டு வெறுமையாகக் கிடந்த ஒன்பதாம் அரியணையில், முகமில்லாத் திருமுகத்தோடு, பெயரழிந்தும் பெயர் நிலைத்த அந்தப் பெருந்தம்ளர், மங்கலம் பொங்க, மாநிலம் வாழ, டெல்பர்ட்டின் கண்களில் நீர் மல்க எழுந்தருளியது.

மறுநாள் மார்ஜீன் அதை எடுத்துத் தன் பல் செட்டைப் போட்டு வைத்தாள்.