நடைவேகத்துக் கரண்ட்

செம்மங்குப்பம் தாண்டுவதற்குள் மாதா பாட்டு மறுபடியும் பாதியில் நின்றது. சீரியல் பல்பு அணைந்தது. பைக்கும் நின்றது. அடைக்கலராஜ் இறங்கி டயரை ஓர் உதை விட்டான்.

கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டத்துக்கு முன்னால் வழக்கமாக மச்சான் ஜேக்கப்பின் ஜெனரேட்டர் வேன்தான் போகும். இந்த வருஷம் அடைக்கலராஜின் பைக். பின்சீட்டில் மாதா சொரூபம், இரு பக்கமும் ஸ்பீக்கர், சுற்றிலும் பல்பு. சிதம்பரம் வரை ஒழுங்காகப் போகாவிட்டால் அங்கிருந்து வேன்தான் என்று பங்குச்சாமியார் சொல்லியிருந்தார்.

"வேனுக்கு போன் போடட்டா மச்சான்?" என்றான் கூடவே நடந்துவந்த ஜேக்கப்.

"வாய மூடிக்கினு நட."

கூட்டம் அதற்குள் புளியமர நிழலில் கால் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆலப்பாக்கத்தில் பெரிய பேட்டரி மாட்டினான். அதுவும் படுத்தது. தொட்டியைப் பெரிதாக்கினால் குழாயில் தண்ணீர் கூடிவிடுமா? இன்ஜின் சுற்றுகிற வேகத்துக்குத்தான் ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்கும். நடைவேகத்தில் அது கொடுப்பது பாட்டுக்கும் பல்புக்கும் காணாது. மீதியைப் பேட்டரியிலிருந்து உறிஞ்சும். பேட்டரி காலியானால் இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற மோட்டாரும் படுத்துவிடும்.

அப்படியென்றால் இன்ஜினை வேகமாகச் சுற்றவிடுவோம் என்று, கிளட்சைப் பாதி பிடித்தபடி ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே போனான். பாட்டு கணீரென்று வந்தது. புதுச்சத்திரத்தில் கிளட்ச் கருகிப் புகைந்தது.

"மாதாவுக்கு சாம்பிராணியா மச்சான்?"

அடைக்கலராஜ் கிளட்ச் பிளேட்டை மாற்றினான். பல்பு மாலையைப் பிய்த்தெறிந்து, கரண்டே குடிக்காத எல்.இ.டி. சரம் சுற்றினான். ஒரு ஸ்பீக்கரின் ஒயரை அறுத்தான். வரவுக்குள் செலவு அடங்கிவிட்டது. அதன்பின் வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிதம்பரத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு இறங்கினான். பாதிக் கூட்டத்தைக் காணோம். வந்த பாதியும் நொண்டிக்கொண்டு வந்தது. ஒருவரும் பாராட்டவில்லை. எல்லோரும் முறைத்தார்கள்.

"என்னக்கா, ஒரு தடவகூட நிக்கல பாத்தீங்களா?" என்றான், வருஷம் தவறாமல் நடக்கிற ஜோதி மேரியிடம்.

அவள் பாதத்துக் கொப்புளத்தை ஊதியபடி சொன்னாள்: "உன் வண்டி அடிக்கடி நிக்கும், நாங்களும் செத்த உக்காரலாம்னுதான் சாமியார்கிட்ட அழுது உன்ன கேட்டு வாங்குனோம், யாருடா அத ரிப்பேர் பண்ணச் சொன்னது?"