கேட்சர் மச்சானும் அடிக்காத போனும்

வெல்லர்ஸ்பர்க், ஓஹாயோ
1988 மார்ச் 1, செவ்வாய்

பெருமதிப்பிற்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பிரியத்திற்கும் உரிய கஸ் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லியோனாவின் கணவன் ஹார்லன் எழுதுவது. இங்கே சமையலறைக் குழாயைத் தவிர எல்லோரும் நலம். அங்கே அரிசோனா வெயிலில் நீங்களும், உங்கள் இடது முழங்காலும், வலது முழங்காலும் தனித்தனியே நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மச்சான். போன் அடிக்கவில்லை. அதாவது அடித்தது, காலையிலிருந்து ஓயாமல் அடித்தது, ஆனால் பேஸ்பால் புகழ் மண்டபத்திலிருந்து அடிக்கவில்லை. விடுபட்டுப்போன பழைய ஆட்டக்காரர்களில் யாரை மண்டபத்தில் சேர்ப்பது என்று மூத்தோர் குழு இன்று காலை கூடி முடிவெடுக்கும், தேர்வானவரை மதியத்துக்குள் போனில் கூப்பிட்டுச் சொல்லும் என்பது உங்களுக்கே தெரியும். உங்களுக்குத்தான் காது சரியாகக் கேட்காது, போனைக் கண்டாலே அடுத்த அறைக்குப் போய்விடுவீர்கள் என்பதால் எங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தீர்கள். இப்போது மணி இரண்டு. ஆகவே இதை ஆறுதல் கடிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிய காலமெல்லாம் நான் ஆறுதல் சொன்னது வாந்தி எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும்தான், அதுவும் வாளியை நீட்டிக்கொண்டே சொன்னது.

சகுனம் சனிக்கிழமையே சரியில்லை. தீயணைப்பு மன்றத்தில் வழக்கம்போல் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பு விருந்தும், அதோடு நம் ஊரின் சொந்தத் தேர்தலும் நடந்தது. நடைமுறை எதுவும் மாறவில்லை. காலி காபி டப்பாக்களில் ஆட்டக்காரர் பெயர், ஆளுக்கு ஒரு பிடி சிவப்பு பீன்ஸ், முழுப் பிடியும் ஒரே டப்பாவில், நான்கில் மூன்று பங்கு விழுந்தால் சுவரில் பெயர்ப்பலகை. இத்தனை வருஷத்தில் அந்தச் சுவரில் ஏறியது தீயணைக்கும் கருவி ஒன்றுதான், ஏனென்றால் இந்த ஊரில் நான்கில் மூன்று பேர் எதற்கும் ஒத்துப்போனதில்லை. காலையில் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வாதம் செய்வோம். முதலில் வாதம் செய்தால் யாராவது மனம் மாறிவிடுகிற அபாயம் இருக்கிறதே. இந்த வருஷம் இரண்டே டப்பா. ஒன்று உங்களுடையது. இன்னொன்று உங்களுக்குப் பந்து வீசிய பழைய பிட்சர் கிளெம் ஓபர்ஸ்டுடையது.

பல் டாக்டர் புரூயிட் கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு எழுந்தார். "கஸ் பதினஞ்சு வருஷம் ஆடியும் மட்டைச் சராசரி ஆயிரத்துக்கு வெறும் இருநூத்தி நாப்பத்தொண்ணு. இதை வெச்சுக்கிட்டு மண்டபத்துக்குள்ள போகணும்னா டிக்கெட் எடுத்துத்தான் போகணும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சோள ரொட்டி பொடியாகிவிட்டது. "டாக்டர், அவரு கேட்சர். மட்டை பிடிக்கிறதுக்கா சம்பளம் வாங்கினாரு? ஒவ்வொரு பந்துக்கும் பின்னாடி குந்திக்கிட்டு, எங்க போடணும்னு விரல் காட்டி, மூஞ்சிக்கு நேரா வர்றதையெல்லாம் பிடிச்சாரே, அதுக்கு உங்க காகிதத்துல ஒரு கட்டம் இருக்கா? அந்த முழங்காலுக்கு என்ன மார்க்கு?" என்று கேட்டேன். "முழங்காலுக்கெல்லாம் ஓட்டுப் போட முடியாது ஹார்லன். அதுக்கு எலும்பு டாக்டர்தான் பார்க்கணும்" என்கிறார் மனுஷன். மன்றமே சிரித்தது. இனிமேல் என் பல்லை நானே பிடுங்கிக்கொள்வேன் மச்சான், அவரிடம் போகமாட்டேன்.

இவ்வளவு கத்தியவன் காலையில் யார் டப்பாவில் போட்டேன் என்று கேளுங்கள். கிளெம் டப்பாவில்! 'எனக்குப் போட்டால் உனக்கும் எனக்கும் பேச்சில்லை, கிளெம்முக்குப் போடு' என்று கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதியது நீங்கள்தானே? யாரும் பார்க்காமல் போட்டுவிட்டுத் திரும்பினால், பின்னால் லியோனா. திட்டப்போகிறாள் என்று நடுங்கினேன். அவளும் ஒரு பிடியை அதே டப்பாவில் போட்டாள். "என்ன முழிக்கிறீங்க? அண்ணன் எனக்கும்தான் எழுதியிருக்காரு" என்றாள். சொந்தத் தங்கையும் தங்கை புருஷனும் எதிர்த்து ஓட்டுப்போட்ட ஒரே வேட்பாளர் இந்த நாட்டிலேயே நீங்கள்தான்.

அப்போதுதான் கிளெம் எழுந்தார். அவர் பேசி யார் பார்த்திருக்கிறோம்? தன் இரும்புக்கடையில் யாராவது ஆணி கேட்டால்கூட விரலால் அலமாரியைக் காட்டுகிறவர். "நான் பேச எந்திரிக்கல. கிண்ணம் காலி, அதான் எந்திரிச்சேன். எந்திரிச்சதால சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "என் கையில இருந்தது வெறும் பந்து. அதை எப்படிப் போடணும்ங்கிற புத்தி அவன் விரல்ல இருந்துச்சு. ஒரு விரல்னா வேகம். ரெண்டு விரல்னா வளைவு. அவன் காட்டினதைப் போட்டேன், ஜெயிச்சேன். ஒரே ஒரு தடவை மாட்டேன்னு தலையை அசைச்சேன். என் பேரு அந்த மண்டபத்துல ஏறி, அவன் பேரு இல்லாமப் போச்சுன்னா, அதை எழுதினவங்களுக்குப் பேஸ்பால் தெரியாதுன்னு அர்த்தம்." சொல்லிவிட்டுக் காலிக் கிண்ணத்தோடேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு தடவை எது என்று எல்லோருக்கும் தெரியும். இறுதித் தொடரின் கடைசி ஆட்டம். நீங்கள் இரண்டு விரல் காட்டினீர்கள், அவர் தலையை அசைத்தார். மறுபடியும் இரண்டு விரல், மறுபடியும் தலையசைப்பு. வேகமாகப் போட்டார். எதிரணிக்காரன் அடித்த அடியில் பந்து வேலியைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பாதிரியாரின் காரில் போய் விழுந்தது, தொடரும் கையைவிட்டுப் போயிற்று. நீங்கள் முகமூடியைக் கழற்றிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்துபோனீர்கள். திட்டியிருந்தால்கூட அன்றைக்கே தீர்ந்திருக்கும். அதோடு முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. நீங்கள் அங்கிருந்து அவரைப் புகழ்ந்து எனக்கு எழுதுகிறீர்கள். அவர் இங்கே உங்களைப் புகழ்ந்து என்னிடம் சொல்கிறார். நடுவில் நான் தெருமுனைத் தபால் பெட்டி மாதிரி நிற்கிறேன். சனிக்கிழமை அவர் பேசியதைக் கேட்டு எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றால், என் தலைமுடி நரைத்ததற்காகவாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் எண்ணலாம் என்று போனால் டப்பா இரண்டும் காலி. சமையல் பொறுப்பு ஹெட்டி மெக்லூர். பானைக்கு பீன்ஸ் பத்தவில்லையாம். மேஜைமேல் இரண்டு டப்பா நிறைய இருக்கக் கண்டு, யாரோ புண்ணியவான் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று காலையிலேயே எடுத்துப் போட்டுவிட்டாளாம். "அது ஓட்டு, ஹெட்டி!" என்று டாக்டர் அலறினார். "இருக்கட்டுமே, நல்லா வெந்திருக்கு பாருங்க. நீங்க இன்னும் கொஞ்ச நேரம் வாதம் பண்ணியிருந்தா கரைஞ்சே போயிருக்கும்" என்றாள். ஆக, உங்கள் ஓட்டையும் கிளெம்மின் ஓட்டையும் நாங்கள் ஆளுக்கு இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டோம். குழம்பில் இரண்டு பேரும் ஒற்றுமையாகத்தான் இருந்தீர்கள்.

இன்றைய கதைக்கு வருகிறேன். லியோனா விடிந்ததும் கல்யாணத்துக்குப் போடுகிற நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டாலும் உங்களுக்குப் பிடித்த எலுமிச்சை 'பை' பலகாரத்தைச் சுட்டு வைத்துவிட்டு, போனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் போன், தேவாலயத்திலிருந்து, போன மாதம் நாங்கள் எடுத்துவந்த தட்டைத் திருப்பிக் கேட்டு. இரண்டாவது, வீட்டு வெளிச்சுவருக்குப் பலகை அடிக்கிற கம்பெனிக்காரன். "நீங்க மண்டபத்துலேர்ந்தா பேசறீங்க?" என்று இவள் கேட்க, அவன் விடுவானா? "மண்டபமா இருந்தாலும் அடிச்சுத் தருவோம்மா, என்ன கலர் வேணும்?" என்றான். அடுத்தது குழாய் ரிப்பேர் செய்கிறவர். "இன்னைக்கு ஒருநாள் அது ஒழுகட்டும்!" என்று கத்திவிட்டு வைத்தாள். இதற்கெல்லாம் நடுவில் நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளெம்.

"அடிச்சாங்களா?"

"இன்னும் இல்ல கிளெம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அடிச்சாங்களா?"

"கிளெம், நீங்க கேட்டுக் கேட்டே லைனை அடைச்சுடறீங்க."

"சரி, சரி, வெச்சுடறேன்." ஒரு மூச்சு. "அடிச்சாங்களா?"

மூத்தோர் குழுவின் பட்டியலில் தன் பெயரும் இருக்கிறது என்கிற நினைப்பே இன்று அவருக்கு இல்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் இல்லை.

பன்னிரண்டு தாண்டியது. ஒன்று தாண்டியது. லியோனா எழுந்துபோய் எலுமிச்சைப் பலகாரத்தை அறுத்தாள். "என் அண்ணன் நல்லா ஆடினாரு. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த போனுக்குத் தெரியலைன்னா என்ன?" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்ததில் இப்போது நெற்றியெல்லாம் கரி.

ஆகவே மச்சான், நீங்கள் மனசைத் தளரவிடக் கூடாது. ஒரு விதத்தில் இதுவும் நல்லதுதான். கோடையில் விழாவுக்காக மண்டபம் இருக்கிற கூப்பர்ஸ்டவுன் வரைக்கும் அலைய வேண்டாம், கோட்டு தைக்க வேண்டாம், கழுத்தை நெரிக்கிற டை வேண்டாம், மேடையில் ஏற முழங்காலைக் கெஞ்ச வேண்டாம். ஓஹாயோ பக்கம் வரவும் வேண்டாம், இங்கே எல்லாம் ஒரே சேறு. நீங்கள் பாட்டுக்கு அங்கேயே நிழலில் நிம்மதியாக இருங்கள். பிடிக்கிறவன் இல்லாவிட்டால் வீசுகிறவன் ஏது? இது எனக்குப் புரிந்த பேஸ்பால். என்னைப் பொறுத்தவரை நீங்கள் மண்டபத்துக்குள்தான் இருக்கிறீர்கள்.

உங்கள் மகள் கொரினுக்கு எங்கள் அன்பு. அவள் சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிடுங்கள். கடவுள் உங்கள் இரண்டு முழங்காலிலும் எண்ணெய் விட்டு, உங்களை நூறு வயது வரை நடமாட வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை எதிர்த்து ஓட்டுப் போட்ட, உங்கள் அன்புள்ள
ஹார்லன் ட்ரூயெக்ஸ்

பி.கு.: உறையை எச்சில் தொட்டு ஒட்டி முடித்தபிறகு போன் அடித்தது மச்சான். உறையைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். புகழ் மண்டபம்! நான் கத்திய கத்தலில் லியோனா கையிலிருந்த தட்டு போயிற்று (தேவாலயத் தட்டு). அந்த மனிதர் தன்மையாகப் பேசினார். "மன்னிக்கணும் சார், இந்தத் தடவை உங்க மச்சானுக்கு ஓட்டுப் போதலை. தேர்வானது கிளெம் ஓபர்ஸ்ட். காலையிலேர்ந்து அவரைக் கூப்பிடறோம், லைனே கிடைக்கலை. கடைசியா கிடைச்சா, 'தப்பான நம்பர், உங்களுக்கு வேண்டியது கேட்சர்'னு உங்க நம்பரைக் கொடுத்துட்டு வெச்சுடறாரு. மூணு தடவை ஆச்சு. நீங்களாவது அவருக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

ஓடிப்போய்க் கிளெம்மைக் கடையிலிருந்து கூட்டிவந்துவிட்டேன். இப்போது எங்கள் சமையலறையில்தான் நிற்கிறார். கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை, உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, வந்த கையோடு எங்கள் குழாயைப் பிரித்துப்போட்டு அதைச் சரிசெய்கிற சாக்கில் அழுகிறார். சம்மதமா என்று பதில் வரும்வரை காத்திருப்பதாக அந்த மண்டபத்துக்காரர் சொல்லியிருக்கிறார். இவரோ, "அவனைக் கேக்காம நான் எதையும் சொல்லமாட்டேன். மேடைக்கு முன்னாடி அவன் வந்து உட்காரணும். உட்கார்ந்து விரல் காட்டினாத்தான் எனக்குப் பேச்சே வரும்" என்கிறார். சேற்றைப் பற்றி மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கோட்டுத் தைக்கக் கொடுங்கள். டை என்னிடம் இருக்கிறது.

செய்தி இன்று ராத்திரி ரேடியோவிலேயே வந்துவிடும், ஆனால் அவர் கேட்கிற கேள்வி அதில் வராது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். இந்த மரியாதையை அவர் வாங்கிக்கொள்ளலாமா, வேண்டாமா? வாங்கிக்கொள்ளலாம் என்றால் ஒரு விரல், வேண்டாம் என்றால் இரண்டு விரல். காகிதத்தில் கையை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பினாலும் போதுமாம். எதைக் காட்டினாலும் சரி, இந்தத் தடவை தலையை அசைக்க மாட்டாராம்.