குப்பை போடத் தந்த நீல டப்பா

ஜெர்சி சிட்டி
12.10.1996

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் கிருபைராஜ் எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவால் நானும் ஜெயலீலாவும் பிள்ளைகளும் சுகம். அங்கும் அவ்விதமே இருக்க ஜெபிக்கிறோம். தெருக்குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை, வரும்போது பிடித்துவைக்கப் பாத்திரமும் போதவில்லை என்று அக்கா எழுதியிருந்ததைப் படித்து மனம் கஷ்டப்பட்டது. ஆனால் இங்கே நான் பட்ட அதிர்ச்சியைக் கேட்டால் உங்களுக்குத் தண்ணீர்க் கஷ்டமே மறந்துபோகும்.

எங்கள் கட்டடம் பழசு. குடியிருப்பவர்கள் எல்லாம் என்னைப் போல் அன்றாடம் பாடுபடுகிறவர்கள். போன மாதம் யாரோ உடைந்த பாட்டிலைக் குப்பைப் பையில் போட்டுவைக்க, அள்ள வந்தவரின் உள்ளங்கை கிழிந்து ஒரே ரத்தம். பாட்டில், டின், பேப்பரைத் தனியே பிரித்து வைக்காவிட்டால் இனி இந்த வாசலுக்கே வரமாட்டோம் என்றுவிட்டார்கள். உடனே நகராட்சி அதற்கென்றே வீட்டுக்கொரு நீல டப்பா கொடுத்தது. மூடியோடு, நல்ல கனம். கூட்டம் போட்டு என்னை ரீசைக்கிளிங் கேப்டன் ஆக்கினார்கள். நானும் பிரசங்கம் பண்ணினேன், எல்லோரும் கை தட்டினார்கள். வியாழக்கிழமை காலை லாரி வந்து நிற்கிறது, வாசலில் ஒரு டப்பா கிடையாது அத்தான்! எனக்குத் தலை சுத்திட்டு. மாடியேறி ஓடினேன். எகிப்துக்காரர் வீட்டில் அந்த டப்பாவுக்குள்ள குழந்தை உட்கார்ந்து குளிக்குது. பிலிப்பைன்ஸ் அம்மா கருவாடு போட்டு மூடி வச்சிருக்கா. சரி, நம்ம ஆளுங்களாவது ஒழுங்கா இருப்பாங்கன்னு சாந்தாமணி அக்கா கதவைத் தட்டினா, அவங்க அதுலேருந்து உழக்கால அரிசி அள்ளிட்டு நிக்கிறாங்க! "என்னக்கா இது அநியாயம்!"னேன். "மூடி எப்படி சிக்குனு உக்காருது பாருங்க தம்பி, ஒரு வண்டு நுழையுமா? இதுல போயி குப்பை போடச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"ன்னு என்னையே திட்டுறாங்க. அதுக்குள்ள லாரி போயிட்டு. அந்த மனுஷன் கையில கட்டோட திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே போனார். எனக்கு வெக்கமாப் போச்சு. அடுத்த வியாழனும் இப்படியே இருந்தா மொத்தக் குப்பையும் எங்க தலையிலதான். நம்ம ஜனங்களுக்குப் பொது நன்மைன்னா என்னன்னே தெரியாதா அத்தான்?

அக்காவுக்கு என் அன்பு, மருமக்களுக்கு முத்தங்கள். உங்கள் ஜெபத்தில் எங்கள் கட்டடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிருபைராஜ்

பி.கு.: ஊருக்கு வரும் மகாதேவன் அண்ணனிடம் எங்கள் வீட்டு நீல டப்பாவையும், கேப்டனுக்கென்று கூடுதலாகத் தந்ததையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நகராட்சி முத்திரையை ஜெயலீலா சுரண்டிவிட்டாள். தாராளமாகத் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் அதில் குப்பை போட்டுவிடாமல் மட்டும் அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.